ஒரே பெட்டியில்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். அப்படி எழுதாவிட்டால் நீ பதறிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய், அதனால் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் பூஞ்சைகளுக்குப் போடுகிற தீனியில் பாதியாவது உனக்குப் போடச் சொல்.

போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் உன் குரல் அப்படியே உன் அண்ணன் குரல். பேசத் தொடங்கும் முன் நீயும் அவரைப் போலவே ஒரு தடவை தொண்டையைச் செருமுகிறாய். அதைக் கேட்டால் எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது, இன்னும் பழகவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுதிக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் சில வாழை மரங்கள் மஞ்சளிக்கின்றன. கீழ் இலையின் ஓரத்தில் தொடங்குகிறது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக முறிந்து மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கிவிடுகின்றன. தண்ணீர் பாய்ச்சினேன், உரம் வைத்தேன், எதற்கும் மசியவில்லை. ஒரு மரத்தை வெட்டிப் பார்த்தேன். உள்ளே துரு நிறத்தில் கோடு கோடாக ஓடுகிறது. நீ உன் அண்ணனுக்குக் காட்டிய படங்களில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு யார்மேல் சந்தேகம் என்றால், கன்றுக்காரர்மேல்தான். இந்த வருஷம் நட்ட கன்றெல்லாம் அவரிடம் வாங்கியது. நானாகப் பேரம் பேசி நானாக வாங்கிய முதல் கன்று அது. தனியாக நிற்கிற பொம்பளைதானே என்று நோய்க்கன்றைத் தலையில் கட்டிவிட்டார்.

உன் அண்ணன் உனக்கு அனுப்புவாரே, அதே போல உள்தண்டைச் சின்னதாக நறுக்கித் தாளில் மடித்து அனுப்பியிருக்கிறேன். உன் மரபணுச் சோதனையில் இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல். யாரென்று தெரிந்தால் நேரே போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு வருவேன். எனக்கு மிச்சம் இருப்பது இந்தத் தோட்டம் ஒன்றுதான், வாலு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். கழுத்தெலும்பு எங்கள் பரம்பரைச் சொத்து, அதைக் குறை சொல்லாதீர்கள். உங்களுக்கு இருமல் நின்றதா?

நீங்கள் நறுக்கிய அழகைப் பார்த்து எங்கள் தலைமை ஆராய்ச்சியாளரே "உம்" என்றார். அவர் எதற்கும் உம் கொட்டுவதோடு சரி. நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். உம் சார் வாயிலிருந்து இரண்டு தடவை உம் வந்தால் அது பெரிய பாராட்டு.

துண்டுகளைத் தட்டில் வைத்து வளர்க்கப் போட்டிருக்கிறேன். வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது வளர்ந்தால் அதிலிருந்து மரபணுவை எடுத்துப் படிப்போம். பூஞ்சைக்கும் குடும்பம் உண்டு, அண்ணி. ஒரே இடத்திலிருந்து பிரிந்து வந்தவற்றுக்குள் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும். தூரத்துச் சொந்தம் என்றால் நிறைய இருக்கும். எங்களிடம் பல தோட்டங்களிலிருந்து வந்த மாதிரிகள் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அண்ணன் கடைசியாக அனுப்பியதும் இருக்கிறது. உங்களுடையது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதற்குள் சில கேள்விகள். புதுக் கன்றுகள் மட்டும்தான் வாடுகின்றனவா, பழைய மரங்களும் வாடுகின்றனவா? தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? தோட்டத்துக்குள் யார் யார் போய் வருகிறார்கள்? இந்த நோய் மண்ணில் இருப்பது. கத்தியில் ஒட்டி, மண்வெட்டியில் ஒட்டி, காலில் ஒட்டி ஊர் ஊராகப் போகும். வெளியிலிருந்து வருகிறவர்களைக் கால் கழுவாமல் உள்ளே விடாதீர்கள்.

இதை எழுதும்போது அண்ணன் ஞாபகம் வருகிறது. பூட்ஸைக் கழுவுங்கள் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்லப்போக, "ஏன்டி வாலு, பூட்ஸையும் மடிச்சுப் பொட்டலத்துல வச்சு அனுப்பிடட்டுமா?" என்பார். சொல்வாரே தவிர, வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக முழங்கால் வலி வந்திருக்கிறது. ஏதாவது ஒன்று கூட இருந்தால்தான் எனக்கும் பொழுது போகும்.

உன் கேள்விகளுக்குப் பதில். புதுக் கன்றுகள்தான் முதலில் என் கண்ணில் படுகின்றன. பழையதும் சில வாடுகின்றன, அவை வேறு காரணமாக இருக்கலாம். தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர், வெளித் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. நீ சொன்னபடி வாசலில் தொட்டி கட்டி மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். பால்காரர்கூடக் காலை முக்கிவிட்டுத்தான் வருகிறார். "உங்க வீட்டுக்கு வர்றதுக்கு ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் போலிருக்கே" என்று முணுமுணுக்கிறார்.

மற்றபடி தோட்டத்துக்குள் யாரும் போவதில்லை, நான்தான். வீட்டு ஆளுக்கு எதற்குத் தொட்டி?

நீ பூட்ஸ் என்று எழுதியதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உன்னிடம் சொல்லவில்லை. உன் அண்ணன் பூட்ஸை இப்போது நான்தான் போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பெரிது. முன்பக்கம் பழைய துணியை அடைத்துக்கொண்டு தொபுக் தொபுக்கென்று நடக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவர் போன அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. மலையைத் தாண்டிப் போய்விட்டு மத்தியானம் வந்தார். குழாயடிக்குப் போகவில்லை, நேரே படியில் வந்து உட்கார்ந்தார். "என்னமோ பண்ணுது, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். பூட்ஸை அவரே கழற்றி வைத்தார். நான் சொம்போடு வந்தபோது சாய்ந்திருந்தார். களைப்பில் கண் அசந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன், வாலு. எழுப்ப வேண்டாம் என்று நின்றேன்.

அந்த பூட்ஸில் அவர் கடைசியாக நடந்த மண் இருந்தது. எப்படிக் கழுவுவேன்? மழைக்காலம் தொடங்கும் வரை பரணில் வைத்திருந்தேன். பிறகு தோட்டத்துக்கு நானே போக வேண்டி வந்ததும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு, அவர் சாப்பிட உட்காரும் கல் வரைக்கும் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நடக்க நடக்க அந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அதுதான் எனக்கு வருத்தம். இப்போது மடிப்புகளில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கன்றுக்காரரைக் கடைத்தெருவில் வைத்து நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். இப்போது அவரிடம் யாரும் கன்று வாங்குவதில்லை. நன்றாக வேண்டும்.

சீக்கிரம் பதில் எழுது.
அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சோதனை முடிந்தது. நாம் பயந்த வாடல் நோய்தான். அதிலும் மோசமான ரகம். அதிகாரிகளுக்குத் தகவல் போய்விட்டது, வந்து பார்ப்பார்கள். எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த பூட்ஸ் வேண்டாம், அண்ணி. பெரிதாக இருந்தால் தடுக்கி விழுவீர்கள். உங்கள் காலுக்கு அளவாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கன்றுக்காரரிடமும் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம்.

வாலு


ஏப்ரல் 23

வாலுவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கடிதம் வரும் வரும் என்று வாசலைப் பார்த்தே கண் பூத்துவிட்டது. வந்தது பார்த்தால் தந்தி மாதிரி நாலு வரி.

மரம் சாகும் என்று எனக்கே தெரியும். எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்குத்தானே நீ அவ்வளவு படித்தாய்? அதை விட்டுவிட்டு என் கால் அளவைப் பற்றி எழுதுகிறாய். அந்த பூட்ஸ் உனக்கு என்ன செய்தது? அது என் வீட்டுக்காரருடையது, நான் போட்டுக்கொள்கிறேன்.

அதிகாரிகள் வந்தார்கள். நோய் கண்ட மரங்களில் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மண்ணில் இனி நம் காலத்தில் வாழை வைக்கக் கூடாதாம். வந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்றுக் கன்றுக்காரர் வந்தார். படியேறவில்லை, தொட்டியிலேயே காலை நனைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, என் கன்னு சுத்தமான கன்னும்மா. கண்ணாடிக் குடுவையில வளர்ந்தது, மண்ணையே பார்க்காதது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஊரு நம்பும்" என்றார்.

நான் சொன்னேன், "என் வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்தப் படிக்கிட்ட நிக்க உங்களுக்குத் தைரியம் வந்திருக்குமா?"

"அவர் இருந்திருந்தா என்னை உட்காரச் சொல்லியிருப்பாரும்மா" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்து எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் அறையின் மின்விசிறி சுற்றுவதைவிடக் கத்துவதுதான் அதிகம். குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்த ஆள் வந்தார். இப்போது சொட்டவில்லை, ஒழுகுகிறது. உம் சாருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். இனிப்பு கொடுத்தபோதுகூட உம் என்றுதான் சொன்னார்.

கன்றுக்காரரின் கன்றுகளை வரவழைத்துச் சோதித்தோம். அவற்றில் நோயே இல்லை. தயவுசெய்து அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுங்கள். இது என் வேண்டுகோள்.

நோய் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் தெரியாமலே போகலாம். சில விஷயங்களைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. லீவு கிடைத்ததும் வருகிறேன். நேரில் பேசலாம்.

அன்புடன்,
வாலு


மே 20

வாலுவுக்கு,

உனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தாலும் நீ முதலில் மழை வெயில் கதை பேசுவாய் என்று உன் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கன்றும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் பிறகு யார்? எனக்குச் சொல்லக் கூடாத ஆளா?

அண்ணி


ஜூன் 5

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இனி வர வேண்டிய அவசியமும் இல்லை.

இன்றைக்கு மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. வால்வை அடைக்க ஏணி வைத்து மேலே ஏறினேன். தோட்டத்தை மேலிருந்து நான் பார்த்ததே இல்லை. அதெல்லாம் அவர் வேலை. அடைத்துவிட்டுத் திரும்பினால், சிவப்பு நாடாக்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன.

கீழே நடக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் அது ஒரு பாதை. பின்வாசலில் தொடங்குகிறது. வாய்க்காலை ஒட்டிப் போகவில்லை, புதுக் கன்று வரிசையை ஒட்டியும் போகவில்லை. கிணற்றைச் சுற்றுகிறது. பழைய மரங்களுக்கு நடுவே குறுக்காக நுழைந்து அவருடைய கல் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் எல்லாம் பச்சை.

அந்தப் பாதையில் என்னைத் தவிர யார் நடக்கிறார்கள்?

இறங்க முடியாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பால்காரர் கீழிருந்து "என்னம்மா, மேல என்ன பண்றீங்க?" என்று சத்தம் போட்டார். என் தோட்டத்தைப் பார்க்கிறேன் என்றேன்.

நான்தான், இல்லையா? உதிர்கிறதே உதிர்கிறதே என்று அழுதேனே, அந்த மண்தான். அவருடைய தோட்டம் பூராவும் அதை நானே தினமும் தூவிக்கொண்டு போயிருக்கிறேன். உனக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் தடுக்கி விழுவேன் என்று எழுதினாய்.

பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் இன்னும் சாயங்காலமானால் அதைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டுதானே இருந்தேன்.

அண்ணி


ஜூன் 11

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, தட்டுகள் கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உம் சார் கதவைத் தட்டினார். "என்னம்மா ஆச்சு? வீட்டுக்குப் போறியா?" என்றார். அவர் உம் தவிர வேறு பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

இனி மறைக்கவில்லை. மற்ற தோட்டங்களின் பூஞ்சைகளுக்கும் உங்களுடையதற்கும் எத்தனையோ இடங்களில் வித்தியாசம் இருந்தது. ஒன்றோடு மட்டும் வித்தியாசமே இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கடைசியாக அனுப்பிய மாதிரி அது. அன்றைக்குக் காலையில் அங்கேயே தபாலில் போட்டிருக்கிறார். அவர் காரியம் முடிந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. அந்தத் தோட்டத்துக்கும் நம் பக்கத்துக்கும் எந்தப் போக்குவரத்தும் இல்லை, அவர் போய் வந்ததைத் தவிர.

நான் நம்பவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று முதலிலிருந்து மறுபடி செய்தேன். மறுபடியும் அதே பதில். அந்தச் சமயத்தில்தான் பூட்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

சொன்னால் நீங்கள் அந்த பூட்ஸைத் தொடமாட்டீர்கள், சொல்லாவிட்டால் தோட்டம் போகும். தோட்டத்தை எப்படியும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், பூட்ஸையாவது உங்களிடம் விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். கன்றுக்காரர் பெயர் கெடுவதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. நான் செய்தது தப்பு. ஆனால் உங்கள்மேல் தப்பு இல்லை, அண்ணி. அவர் குழாயடி வரை நடந்திருந்தால் அதைக் கழுவியிருப்பார். அவரால் முடியவில்லை.

அந்த மாதிரியைக் கேட்டது நான். அதையும் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

பூட்ஸை எரித்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வாலு


ஜூலை 1

என் வாலுவுக்கு,

முழங்கால் தேவலை. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீயும் இரண்டையும் செய்.

முதலில் கன்றுக்காரர் வீட்டுக்குப் போனேன். எந்தக் கடைத்தெருவில் அவரைக் கேட்டேனோ, அங்கேயே அவரை வரச்சொல்லி, அதே நாலு பேர் முன்னால் சொன்னேன். "நோய் என் காலோட வந்தது. இவர் கன்னு சுத்தம். நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கேட்காவிட்டாலும் அவர் மலை ஏறியிருப்பார். வீட்டில் உட்காருகிற ஆளா அவர்?

மரங்களை வெட்டி முடித்துவிட்டார்கள். இப்போது பின்வாசலில் நின்றால் அவருடைய கல் நேராகத் தெரிகிறது. அவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று இருக்கிறது. அடுத்த மழைக்குச் சோளம் போடச் சொல்கிறார்கள். போடுவேன்.

பூட்ஸை எரிக்கக் கொடுப்பதற்கு முன்னால் குழாயடிக்கு எடுத்துப் போனேன். எரிக்கப் போவதை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். வீட்டுக்கு வந்ததும் கழுவித்தான் அவருக்குப் பழக்கம் என்றேன். வாளியில் மருந்துத் தண்ணீர் வைத்துக்கொண்டு, மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேய்த்தேன். கடைசி மண் கரைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக விட்டுவிட்டுப் போன அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டேன், வாலு. ஒரு வருஷம் தாமதமாகச் செய்துவிட்டேன்.

இப்போது அவர் நடந்த மண் என்று என்னிடம் எதுவும் இல்லை. அதில் இருந்த பூஞ்சை மட்டும் உன்னிடம் இருக்கிறது. ஆராய்ச்சி முடிந்தாலும் மாதிரிகளைக் குளிர்பெட்டியில் போட்டுப் பல வருஷம் வைத்திருப்பீர்கள் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாய். தோட்டத்தை அழித்ததை நான் பத்திரமாக வைக்கச் சொன்னால் உம் சார் என்ன நினைப்பாரோ தெரியாது. என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அவரிடம் கேட்டுப் பார். அன்றைக்குக் காலையில் உன் அண்ணன் அனுப்பியதும், நான் அனுப்பியதும் வேறு வேறல்ல, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று நீதானே எழுதினாய்.

அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வை.

உன் அண்ணி